முதலாளி நீட்டும் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போடலாமா?

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்னஸ் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அவர் எழுதியபடியே.

வன்னியிலிருந்து 2012-ல் படகில் வந்தவர். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, இன்றுவரை பிரிட்ஜிங் ஈ என்ற தற்காலிக விசாவில் இருக்கிறார். வேலை செய்ய அனுமதி உண்டு. மனைவி, இரண்டு பிள்ளைகள். விடியற்காலையில் லாயத்துக்குப் போய்த் தீனி வைப்பது, சாணம் அள்ளுவது, குதிரைகளைக் கழுவுவது, பந்தய நாளில் லொறியில் கூடப் போவது எல்லாம் இவர் வேலை. ஸ்டேபிள்ஹேண்ட் லைசன்ஸ், அதாவது லாயத்து வேலையாளுக்கான அனுமதி, வைத்திருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன், இவர் பார்க்கும் குதிரை ஒன்று பந்தயத்தில் வென்றது. பந்தயம் முடிந்ததும் ஸ்வாப், அதாவது மருந்துச் சோதனைக்கான மாதிரி, எடுத்தார்கள். குதிரையின் பயிற்சியாளரும் முதலாளிதான். அவர் இன்னொரு குதிரையோடு நின்றதால், அவர் சார்பில் இவர்தான் பக்கத்தில் நின்று ஸ்வாப் அட்டையில் கையெழுத்துப் போட்டார். சில வாரங்கள் கழித்து ஸ்டூவர்ட்கள், அதாவது பந்தய விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகள், லாயத்துக்கு வந்து, குதிரையின் சிறுநீரில் புரோக்கெய்ன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததாகச் சொன்னார்கள்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னர் அந்தக் குதிரை வேலிக் கம்பியில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. இவர் காயத்தைப் படம் எடுத்து முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று பின்னேரம் முதலாளி ஒரு போத்தலிலிருந்து பால்போல வெள்ளையான மருந்தை இழுத்துக் குதிரையின் கழுத்தில் ஊசி போட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது இவர். மருந்துப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதுவும் எழுதப்படவில்லை.

இப்போது முதலாளி தட்டச்சு செய்த ஒரு சத்தியக் கடதாசியை நீட்டுகிறார். “வேறு குதிரைக்கு வைத்திருந்த ஊசியை நான் மாறி இதற்குப் போட்டுவிட்டேன், முதலாளிக்குத் தெரியாது” என்று இவர் பெயரில் எழுதியிருக்கிறது. “உனக்கு ஏச்சோடு போய்விடும், எனக்குச் சின்ன அபராதம். இல்லையென்றால் லாயத்தைப் பூட்ட வேண்டியதுதான். கையில் காசாக வாங்கின சம்பளத்தைப் பற்றி இமிகிரேஷனுக்கும் சொல்ல வேண்டி வரும்” என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

“அக்கா, அட்டையில் என் கையெழுத்து இருப்பதால் பிழை என் தலையில்தானா? இது பொலிசுக்குப் போகுமா? விசா போய்விடுமா? முதலாளி மருந்து அடித்துத்தான் குதிரையை வெல்ல வைத்தார் என்று சொல்லிவிட்டால் நான் தப்பலாமா? ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன?” என்று கேட்கிறார்.

தம்பி, வெள்ளிக்கிழமை வரப்போகிறது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ஸ்வாப்பைக் கண்டு பயப்படுகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை ஸ்வாப்பில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது.

இந்தப் பந்தயம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹார்னஸ் பந்தயத்தில் யாரும் குதிரை முதுகில் ஏறுவதில்லை. சல்க்கி என்ற இரு சக்கர வண்டியில் பின்னால் இருந்து ஓட்டுவார்கள். நம் ஊர் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. பேஸ், ட்ரொட் என்ற நடைகளில்தான் ஓட வேண்டும். இதற்கு விக்டோரியாவில் ஹார்னஸ் ரேசிங் விக்டோரியா என்ற நிர்வாக அமைப்பும், நாடு முழுவதற்கும் பொதுவான விதிப்புத்தகமும் உண்டு.

அட்டையில் உள்ள கையெழுத்தும், பொறுப்பும்

ஸ்வாப் எடுக்கும்போது குதிரையின் சிறுநீரையோ இரத்தத்தையோ ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து, எண் போட்ட முத்திரை வைப்பார்கள். பயிற்சியாளரோ அவருடைய ஆளோ அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். “என் கண் முன்னால்தான் பிரித்தார்கள், முத்திரை வைத்தார்கள்” என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. குதிரைக்குள் என்ன இருந்தது என்பதற்கு நீங்கள் எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. இந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

விதிப்புத்தகத்தின் 190-ஆம் விதி, தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் உடம்பில் இல்லாமல் குதிரையைப் பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. அப்படி வராவிட்டால் குற்றவாளி பயிற்சியாளர். அந்தப் பொருள் எந்தச் சூழ்நிலையில் குதிரைக்குள் போயிருந்தாலும் சரி, குற்றம் குற்றம்தான் என்று அதே விதி சொல்கிறது. யார் ஊசி போட்டார்கள், தெரிந்தா தெரியாமலா என்பது குற்றம் நடந்ததா என்ற கேள்விக்குள் வராது. குதிரையும் அந்தப் பந்தயத்திலிருந்து நீக்கப்படும், பரிசுப் பணமும் திரும்பிப் போகும்.

ஆகவே நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டாலும் முதலாளி குற்றச்சாட்டிலிருந்து வெளியே வர முடியாது. அவருக்கும் இது தெரியும்.

அப்படியானால் ஏன் உங்கள் பெயரைக் கேட்கிறார்?

தன் தண்டனையைக் குறைக்க. 2008-ல் விக்டோரியாவில் மக்டொனோ என்ற ஹார்னஸ் வழக்கில் ஒரு வகைப்பாடு சொல்லப்பட்டது. தீர்ப்பாயங்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகின்றன. பயிற்சியாளரின் பிழை நிரூபிக்கப்பட்டால் அது முதல் வகை. எப்படி நடந்தது என்று கடைசிவரை தெரியாமலே போனால் இரண்டாவது. பயிற்சியாளர் மீது எந்தப் பிழையும் இல்லை என்று தீர்ப்பாயம் நம்பினால் மூன்றாவது. மூன்றாவது வகைக்குப் போகப் போகத் தண்டனை குறையும். பதிவேட்டில் எழுதாமல் தானே ஊசி போட்ட பயிற்சியாளர் முதல் வகைக்குள் விழக்கூடியவர். “வேலைக்காரன் மாறிப் போட்டுவிட்டான்” என்றால் மூன்றாவதுக்கு ஏற ஒரு ஏணி கிடைக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தேவை இதற்குத்தான்.

அந்த ஏணி பலமானதும் இல்லை. ஊசி மருந்தைப் பூட்டி வைக்காத, பதிவேடு எழுதாத, ஆட்களைக் கவனிக்காத பயிற்சியாளரைத் தீர்ப்பாயம் பிழையற்றவர் என்று லேசில் சொல்லாது. 190பி விதிப்படி குதிரையின் பெயர், தேதி, நேரம், மருந்து, அளவு, கொடுத்தவர் பெயர் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை வைத்திருக்க வேண்டியவரும் பயிற்சியாளர்தான்.

ஸ்டூவர்ட்கள் இப்படிப்பட்ட கடதாசிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. குதிரையின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அப்பச்சோடாவையும் சீனியையும் கரைத்து வயிற்றுக்குள் ஊற்றும் ‘மில்க்ஷேக்’ தந்திரம் இந்த விளையாட்டில் பேர்போனது. தசைகளில் சேரும் அமிலத்தை அது சமாளிக்கும், குதிரை களைப்பது பிந்தும். அதைப் பிடிக்கத்தான் இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு லீட்டருக்கு 36 மில்லிமோலைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்தார்கள். பிறகு குதிரையின் ஓட்டத்தைக் கூட்டக் கோபால்ட் என்ற உலோகத்தின் உப்பைக் கொடுக்கும் தந்திரம் வந்தது. 2011-ல் நியூ சவுத் வேல்ஸில் ஸ்டூவர்ட்களே காசு வாங்கிக்கொண்டு ஸ்வாப் விஷயத்தில் பயிற்சியாளர்களுக்கு உதவிய ‘கிரீன் லைட்’ ஊழல் வெளியே வந்தது. இவ்வளவும் பார்த்தவர்கள், திடீரென்று முளைத்த ஒரு வேலையாளின் வாக்குமூலத்தை அப்படியே நம்ப மாட்டார்கள். உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்த ஊசி எந்த நிறம், எங்கே இருந்தது, எந்தக் குதிரைக்கு வாங்கியது, எத்தனை மில்லி, எந்தப் பக்கத்துக் கழுத்து? நடக்காத ஒன்றுக்கு நீங்கள் எத்தனை பதில் சொல்வீர்கள்?

உங்களிடமும் ஒரு திருத்தம்

“மருந்து அடித்துத்தான் வெல்ல வைத்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் விளங்குகிறது. ஆனால் அது நீங்கள் கண்டது இல்லை தம்பி, நீங்கள் ஊகித்தது.

புரோக்கெய்ன் ஒரு விறைப்பு மருந்து. காலில் நோவுள்ள குதிரைக்குக் கொடுத்தால் நோவு தெரியாமல் ஓடும், ஓடி எலும்பையே முறித்துக்கொள்ளும், பின்னால் இருப்பவரும் விழுவார். தடை செய்ததற்குக் காரணம் அதுதான். அதே புரோக்கெய்னைப் பெனிசிலினோடு சேர்த்த ஒரு ஊசி மருந்தும் மிருக வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. பால்போல வெள்ளையாக இருக்கும், தசைக்குள் போடுவார்கள். கம்பி கிழித்த காயத்துக்கு அதைக் கொடுப்பது சாதாரண விஷயம். பெனிசிலின் வேலை முடிந்த பின்னும் புரோக்கெய்ன் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியலாம். அதனால்தான் பந்தயத்துக்கு முன் நீண்ட இடைவெளி விடச் சொல்வார்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், காயத்துக்கு வைத்தியம் செய்துவிட்டு, மருந்து உடம்பை விட்டுப் போகுமுன் குதிரையை ஓட விட்டிருக்கலாம். அவசரமோ, கவனக்குறைவோ. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே விசாரணையில் “பெனிசிலின் போட்டார்” என்றுகூடச் சொல்லாதீர்கள். “வெள்ளை நிற மருந்து, கழுத்தில் ஊசி, நான் கயிற்றைப் பிடித்தேன், காயத்தைப் படம் எடுத்த அதே நாள்” என்று சொல்லுங்கள். கண்டதுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். முதலாளி மேல் வன்மம் வைத்துப் பேசுகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு காயப்பட்ட குதிரையின் கயிற்றைப் பிடித்து நின்றது உங்களைக் குற்றவாளி ஆக்காது. ஆனாலும் அதை மறைக்க வேண்டாம். சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

விசா

உங்கள் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

190-ஆம் விதி மீறல் பந்தய விதிகளின் கீழ் வரும் ஒழுங்கு நடவடிக்கை. பாரதூரமான குற்றச்சாட்டுகளை 2019 ஆகஸ்ட் முதல் விக்டோரியா பந்தயத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அது குற்றவியல் நீதிமன்றம் இல்லை. அங்கே ஒருவருக்குத் தண்டனை கிடைத்தாலும் அது குற்றவியல் தண்டனைப் பதிவு ஆகாது.

சத்தியக் கடதாசி அப்படியில்லை. பொய் என்று தெரிந்துகொண்டே சத்தியக் கடதாசி கொடுப்பது விக்டோரியாவில் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். இதோடு, காசு கட்டும் பந்தயங்களின் முடிவைக் கெடுக்கும் செயல்களுக்கென்று 2013-ல் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்தார்கள். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். உங்கள் கதை அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வென்ற குதிரைக்குத் தடை மருந்து கொடுத்தவன் நான்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், பொலிஸ் தேடும்போது அகப்படும் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும்.

பிரிட்ஜிங் ஈ விசாவில் இருப்பவருக்கு இது இரட்டை ஆபத்து. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றுகூட இல்லை, குற்றம் சாட்டப்பட்டாலே அந்த விசாவை ரத்துச் செய்ய அதிகாரம் இருக்கிறது. 2013 டிசம்பரிலிருந்து படகில் வந்தவர்களிடம் வாங்கும் நடத்தைக் கோவையிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும். அதன் பிரதியைத் தேடி எடுங்கள். இதனால்தான் சொல்கிறேன்: உங்களைக் காப்பாற்றும் என்று முதலாளி நீட்டும் தாள்தான் உங்கள் விசாவை உண்மையில் தொடக்கூடியது.

“இமிகிரேஷனுக்குச் சொல்வேன்” என்ற மிரட்டலுக்கு வருவோம். உங்களுக்கு வேலை அனுமதி இருக்கிறது. சம்பளத்தைக் காசாகக் கொடுப்பதும் வாங்குவதும் தனியே குற்றம் இல்லை. சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டியது அவர் கடமை, கொடுக்கவில்லை என்றால் மாட்டிக்கொள்பவரும் அவர்தான். அந்தக் காசை நீங்கள் வரிக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால், யாரும் கேட்குமுன் ஒரு கணக்காளரைப் பிடித்துத் திருத்திவிடுங்கள். விசா நிலையைக் காட்டி ஒரு தொழிலாளியை வேலை ஏற்பாடுகளுக்கு நெருக்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றம். உங்களுக்கு நடந்தது அந்தப் பிரிவுக்குள் சரியாக விழுமா என்பதை உங்கள் சட்டத்தரணி பார்க்கட்டும். மிரட்டல் குறுஞ்செய்தியாக வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஸ்டூவர்ட்கள் கூப்பிட்டால்

பேசாமல் இருந்துவிடலாமா என்று கேட்டீர்கள். பொலிஸ் விசாரித்தால் பெயர், முகவரிக்கு மேல் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டூவர்ட்களிடம் அந்த உரிமை இல்லை. லைசன்ஸ் வாங்கியபோதே விதிப்புத்தகத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 187-ஆம் விதிப்படி கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பதும் குற்றம், பொய் சொல்வதும் குற்றம். இரண்டுக்குமே உங்கள் லைசன்ஸ் போகலாம்.

ஆகவே விசாரணைக்கு முன்பே சட்ட ஆலோசனை எடுங்கள். விக்டோரியா லீகல் எய்ட் என்ற சட்ட உதவி அமைப்பு இருக்கிறது, பெண்டிகோவிலேயே சமூகச் சட்ட மையம் இருக்கிறது. விசாப் பக்கத்துக்கு மெல்பேர்ணில் உள்ள ரெஃபியூஜி லீகல் என்ற அகதிகளுக்கான சட்ட மையம். விசாவைப் பற்றிக் கோயிலில் பார்த்த அண்ணை சொன்னார், கடையில் ஒருவர் சொன்னார் என்று எதையும் செய்யாதீர்கள். பதிவு பெற்ற குடிவரவு முகவரோ சட்டத்தரணியோதான் அந்த ஆலோசனை சொல்லலாம்.

இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காயத்தின் படத்தையும், அதை அனுப்பிய வட்ஸ்அப் உரையாடலையும், தேதியும் நேரமும் தெரியும்படி வேறொரு இடத்திலும் சேமியுங்கள். உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. பிறகு அந்த நாளில் நடந்ததை நினைவிருக்கும்போதே தமிழில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். லாயத்திலிருந்து பதிவேட்டையோ மருந்துப் போத்தலையோ எடுத்து வரவே கூடாது. அதைத் தொட்டால் சாட்சியைக் கலைத்த பழியும் உங்கள் மேல் வரும்.

ஸ்டூவர்ட்களிடம் நேரே போகப் பயமாக இருந்தால், விக்டோரியாவில் பந்தய நேர்மை ஆணையாளர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. 2010-ல் தொடங்கியது, ஹார்னஸ் நிர்வாகத்துக்குக் கீழே வராதது. பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் அந்த ஊசியைப் போட்டவரையும் கயிற்றைப் பிடித்தவரையும் தவிர அங்கே வேறு யாரும் இருக்கவில்லை. சொன்னது யார் என்று முதலாளி ஊகிக்க அதிக நேரம் ஆகாது. அதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேலை

முதலாளி சஸ்பெண்ட் ஆகலாம், டிஸ்குவாலிஃபை ஆகலாம். இரண்டும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். சஸ்பென்ஷனில் லைசன்ஸைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். டிஸ்குவாலிஃபிகேஷன் கடுமையானது. பந்தயத் திடலுக்குள்ளேயே கால் வைக்க முடியாது, குதிரைகள் இருக்கும் லாயங்களுக்குப் போக முடியாது, தொழில் விஷயமாக இந்தத் துறை ஆட்களோடு பழகவும் முடியாது. அப்படி நடந்தால், வெளியே வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே பழைய முதலாளியே நடத்தும் லாயத்தில் வேலைக்கு நிற்காதீர்கள். டிஸ்குவாலிஃபை ஆனவரோடு சேர்ந்து தொழில் செய்ததாக உங்கள் மேலும் குற்றச்சாட்டு வரும்.

கையெழுத்துப் போட மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 21 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெயார் வேர்க் ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாள் தவறினால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். உங்கள் வேலைக்கென்று குதிரை, நாய்ப் பந்தயப் பயிற்சித் தொழிலுக்கான ஊதிய விதிப்பட்டியலே இருக்கிறது. இத்தனை வருடமும் அதற்குக் குறைவாகச் சம்பளம் தந்திருந்தால் நிலுவையைக் கேட்கலாம். பிரிட்ஜிங் விசாவில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

அந்த லாயத்தில் நீங்கள் வேலையை இழக்கக்கூடும். அதை மூடி மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, வாடகை எல்லாம் இருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் குதிரை பார்க்கத் தெரிந்த, விடியற்காலையில் வரும், லைசன்ஸ் சுத்தமாக இருக்கிற ஆளுக்குப் பெண்டிகோப் பக்கத்தில் வேறு லாயம் கிடைக்கும். கறை படிந்த லைசன்ஸோடு கிடைக்காது.

வெள்ளிக்கிழமை முதலாளி கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். “சட்டத்தரணியிடம் காட்டாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அதன் ஒரு பிரதி தாருங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிட்டு, என்ன எழுதியிருந்தது என்று வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து எழுதுங்கள். இதைப் படிக்குமுன் பயத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மறைக்காதீர்கள். அது ஸ்டூவர்ட்கள் கைக்குப் போகுமுன் சட்டத்தரணி மூலம் திரும்பப் பெற முயல வேண்டும், ஒவ்வொரு நாளும் முக்கியம்.

விசாரணைக்குப் போகும்போது உங்கள் ஆங்கிலம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். லாயத்தில் புழங்கும் ஆங்கிலம் வேறு, பதிவாகும் விசாரணையின் ஆங்கிலம் வேறு. தேதி குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சட்ட மையத்துக்குப் போன் எடுக்க இடைஞ்சலாக இருந்தால், 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை எண்ணில் தமிழ் என்று சொன்னால் அவர்களே இணைத்து விடுவார்கள். திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடாமல் நாளைக் காலையே எடுங்கள்.